வாயிற்புறத்தே பிறந்த சொல்

கருத்து வழங்கும் அவையையும் வழக்குத் தீர்க்கும் அமைப்பையும் ஆங்கிலத்தில் 'ஃபோரம்' என்பர். இது இலத்தீன் சொல். 'கதவுக்கு வெளியே' எனப் பொருள்படும் சொல்லோடு உறவுடையது.

உரோமை நகரில் பாலத்தைன், கேப்பிட்டோலைன் குன்றுகளுக்கு இடையே கிடந்த சதுப்பு நிலம் வடிகாலால் உலர்த்தப்பெற்று ஃபோரம் ஆயிற்று. சந்தை கூடிய அவ்விடத்திலேயே வழக்காடலும் மேடைப் பேச்சும் வளர்ந்தன. 'ஃபொரன்சிக்' என்னும் சொல்லும் இதன் வழித்தோன்றலே.

கி.மு. 43இல் கொலையுண்ட சிசரோவின் தலையும் கையும், அவர் முழங்கிய அம்மேடையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. பேரரசு வந்தபின் மாளிகைகள் பெருகின. துணிந்து பேசும் குரல் குறைந்தது. பெயர் மட்டும் நின்றது.

நம் 'மன்றம்' என்னும் சொல்லும் ஊர்ப் பொதுவெளியைக் குறித்து, நீதிமன்றம் வரை வளர்ந்ததன்றோ! இரண்டும் எவரும் வரத்தக்க திறந்த வெளியில் பிறந்தவை. நாம் சங்கமாகக் கூடும்போதெல்லாம் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.