மலைநாட்டில் தெளித்த மருந்துகள்

1934-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலி கங்கை வற்றி, பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கிற்று. அத்தகைய குட்டைகளிற் பெருகிய நுளம்பு பரப்பிய மலேரியா, அடுத்த ஆண்டு முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களும் அத்துயருக்குத் தப்பவில்லை.

இதனை முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1946-இல் வீட்டுச் சுவர்களில் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டபோது மக்கள் அதனை வரமென ஏற்றனர். ஏற்றதிற் பிழையும் இல்லை. 1963-இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. இன்று அம்மருந்தைப் பழிப்போர் இக்கணக்கை மறத்தல் ஆகாது.

ஆயினும் அதே மருந்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1950-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் சேவற்குஞ்சுகளுக்கு டீ.டீ.ரீ.யைச் செலுத்திப் பார்த்தனர். வளர்ந்த சேவல்களின் கொண்டை சிறுத்திருந்தது. விதைகளும் வளர்ச்சி குன்றியிருந்தன. பெண்மைக்குரிய ஓமோனைப் போல இம்மருந்து தொழிற்படக்கூடும் என அவர்கள் கருதினர். சேவலின் கொண்டையைப் பற்றி அன்று யார் கவலை கொள்வார்! 1995-இலே தான், உடலில் டீ.டீ.ரீ. சிதைவதால் உண்டாகும் டீ.டீ.ஈ. என்னும் பொருள் ஆண்மைக்குரிய ஓமோனின் வேலையைத் தடுக்கின்றது என்பது எலிகளில் நிறுவப்பட்டது.

ஓமோன் என்பது இரத்தத்திற் கலந்து செல்லும் கட்டளை. கருவிலுள்ள பிள்ளையின் எந்த உறுப்பு எந்த வாரத்தில் உருப்பெறவேண்டும் என்பதை அதுவே அறிவிக்கின்றது. அளவு மிகச் சிறிது; வேளையே பெரிது. பாடசாலையில் மணியை வேளை தவறி அடித்தால் ஒலி சிறிதாயினும் வகுப்புகள் எல்லாம் குலைந்துபோவதை நான் நாள்தோறும் அறிவேன். டீ.டீ.ஈ. தாயின் கொழுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, கருவுக்கும் பின்னர் பாலுக்கும் செல்கின்றது. 1959 முதல் 1966 வரை அமெரிக்காவிற் பிள்ளை பெற்ற தாய்மாரின் சேமித்த இரத்தத்தை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவு, டீ.டீ.ஈ. மிக்கிருந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிறப்பும் மிக்கிருந்ததைக் காட்டிற்று.

இனி, வீட்டுச் சுவரை விட்டுத் தேயிலை மலைக்கு வருவோம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு, கண்டிச் சீமையின் வாழ்வு அச்செடியோடு பிணைந்தது. 1950-களில் அதன் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் தெளித்தனர். வண்டு மாண்டது, அதனோடு, 1930-களில் ஜாவாவிலிருந்து கொணர்ந்து விட்ட சிறு குளவியும் மாண்டது. அக்குளவி அடக்கிவைத்திருந்த இலைசுருட்டிப் புழு பெருகிக் கொழுந்தை அழித்தது. டீல்ட்ரின் தேயிலையை விட்டு நீங்குவதற்கு அப்புழுவே வழிசெய்தது. டீ.டீ.ரீ.யோ, நுளம்பு அதற்குப் பழகி, 1969-இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவால் வருந்திய பின்னர், 1970-களில் மலத்தியனுக்கு இடம்விட்டது. எண்டோசல்பானை அருந்தி மாண்டோர் தொகை பெருகியதால் 1998-இல் அது தடைசெய்யப்பட்டது. டீல்ட்ரினும் எண்டோசல்பானும் பெண்மை ஓமோனைப் போலச் சிறிதளவு தொழிற்படும் என்பது 1994-இல் ஆய்வுகூடத்தில் வெளிப்பட்டது. நுளம்பு, புழு, நஞ்சுச்சாவு என்று ஒவ்வொன்றையும் நிறுத்த ஒரு காரணம் வாய்த்தது. கருவிலிருந்த பிள்ளை எதற்கும் காரணமாக வாய்க்கவில்லை.

எண்டோசல்பான் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு சான்று உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் பல ஆண்டுகள் அதனை வானூர்தியிலிருந்து தெளித்தனர். அங்கே ஒரு சிற்றூரின் சிறுவர்களை அகமதாபாத் ஆய்வாளர்கள் பரிசோதித்து, அவர்கள் பருவமெய்துதல் தாமதமாயிற்று என்று 2003-இல் எழுதினர். அம்முடிவை மறுத்துரைத்தோரும் உளர். எனினும், சிறுவரை நேரே பரிசோதிக்கும் அத்தகைய முயற்சி எமது தோட்டப் பாடசாலைகளிலும் நடைபெறவேண்டும் என்பதே என் துணிபு. மருந்து தெளித்த நிரைகளுக்கிடையே கூடை சுமந்து நடந்த அன்னையரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்லவா அங்கே பயில்கின்றனர்!

1980-ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இம்மருந்துகளைப் பதிவுசெய்யும் அலுவலகம் கண்டிக்கு அருகே கெட்டம்பேயில் அமைந்துள்ளது. 2005-இல் இலங்கை ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையையும் ஏற்றது. டீ.டீ.ரீ. போன்ற, எளிதில் அழியாத நஞ்சுகள் உலகில் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதை அறிய அவ்வுடன்படிக்கையின் கீழ் அளக்கப்படுவனவற்றுள் ஒன்று காற்று, மற்றொன்று தாய்ப்பால்.