பன்னிரண்டாம் எண் படகு

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், "சிட்டி ஆஃப் பெனாரஸ்" என்னும் பயணிகள் கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து கனடா நோக்கிப் புறப்பட்டது. ஜெர்மானியக் குண்டுவீச்சுக்குத் தப்புவிக்க அரசாங்கமே அனுப்பி வைத்த 90 சிறுவர் சிறுமியர் அதில் இருந்தனர். அவர்களுக்குத் துணையாகச் சென்றவர்களுள் ரோரி ஓ'சல்லிவன் என்னும் கத்தோலிக்கக் குருவும், மேரி கார்னிஷ் என்னும் இசையாசிரியையும் இருந்தனர். மாலுமிகளுள் பெரும்பாலோர் "லஸ்கர்" என்று அழைக்கப்பட்ட நம் இந்திய நாட்டு ஏழைத் தொழிலாளர்.

காவலுக்கு வந்த போர்க்கப்பல் 17ஆம் நாள் அதிகாலையிலேயே வேறு பணிக்குப் பிரிந்து சென்றுவிட்டது. அன்றிரவு, புயலின் நடுவே, யு-48 என்னும் நீர்மூழ்கியின் டார்ப்பிடோ கப்பலைத் தாக்கியது. சுமார் அரைமணி நேரத்தில் கப்பல் மூழ்கிற்று. படகுகள் பல கவிழ்ந்தன. 90 பிள்ளைகளுள் 77 பேர் மாண்டனர்.

மறுநாள் "ஹரிக்கேன்" என்னும் போர்க்கப்பல் வந்து, உயிரோடிருந்த 105 பேரை மீட்டது. அதே இரவில் மூழ்கிய "மரீனா" என்னும் சரக்குக் கப்பலின் படகொன்றும் அதன் கண்ணில் பட்டது. அதையும் பெனாரஸ் கப்பலின் படகென்றே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எண்ணிக்கை சரியாகிவிட்டது! பன்னிரண்டாம் எண் படகை யாரும் தேடவில்லை.

அந்தப் படகில் ஆறு சிறுவர், நம் குருவானவர், ஆசிரியை, சில வெள்ளையர், முப்பதுக்கும் மேற்பட்ட லஸ்கர்கள். ஆளுக்கு ஒரு துண்டு பிஸ்கோத்து, அதன்மேல் சிறிது மத்தி மீன், ஒரு மடக்குத் தண்ணீர், இதுவே உணவு. கார்னிஷ் அம்மையார் துப்பறியும் கதைகளைத் தாமே இட்டுக்கட்டிச் சொல்லிப் பிள்ளைகளின் நினைவைப் பசியினின்று திருப்பினார். குருவானவர் அவர்களோடு செபித்தார். கரையிலோ, பிள்ளைகள் இறந்துவிட்டதாகப் பெற்றோருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

எட்டாம் நாள் ஒரு விமானம் படகைக் கண்டது. "ஆண்டனி" என்னும் போர்க்கப்பல் விரைந்து வந்து மீட்டது. சிறுவர் அறுவரும் பிழைத்தனர். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் திட்டத்தை அரசு அத்தோடு கைவிட்டது.

இச்சரித்திரத்தைச் சொல்வோர் சிறுவரைப் பற்றியே சொல்வர், அது இயல்பே. ஆனால் குளிர் தாங்கும் உடையின்றி அட்லாண்டிக் கடலில் விறைத்து மாண்ட லஸ்கர்கள் நூற்றுக்கும் மேல். பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் கடலுக்குப் பலியான இந்திய மாலுமிகளின் பெயர்களோ மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில், தாளில் எழுதப்பட்டிருக்கின்றன.