செயலிக்குள் குடியேறிய வரைகலை: சேர்வராயன் மலைப் பள்ளிகள் வரை ஒரு வரலாற்றுத் தடம்

கணினித் திரையில் எழுத்தையும் படத்தையும் வரையும் வேலையைச் செய்யும் பகுதி தனி அட்டையாக இருந்த நிலையிலிருந்து செயலியின் சிலிக்கான் சில்லுக்குள்ளேயே இடம்பெறும் நிலைக்கு வந்த வரலாறு, பெரும்பாலும் விளையாட்டுகளின் வேகத்தை அளவுகோலாக வைத்தே எழுதப்பட்டுள்ளது. ஏற்காடு வட்டத்தின் அரசுப் பள்ளி மாணவர் கையில் வந்த மடிக்கணினியை அளவுகோலாகக் கொண்டால் அவ்வரலாற்றின் திருப்புமுனைகள் வேறாகத் தெரிகின்றன.

1998இல் இன்டெல் வெளியிட்ட ஐ740 தனி வரைகலைச் சில்லு, குஜராத்தைச் சேர்ந்த அஜய் பட் பங்களித்த ஏஜிபி இணைப்பைச் சார்ந்து, படத்தின் மேற்பரப்புத் தரவைக் கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. சந்தையில் அது நிலைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே வந்த 810 சில்லுத்தொகுப்பு அதே வழிவந்த வரைகலையைத் தாய்ப்பலகையின் சில்லுக்குள் அடக்கி, தனி அட்டைக்கான ஏஜிபி துளையையும் நீக்கி, மலிவு விலைக் கணினிக்கு வழி திறந்தது. 2010 ஜனவரியில் வந்த கிளார்க்டேல் வகைச் செயலியில் 32 நானோமீட்டர் செயலிச் சில்லும் 45 நானோமீட்டர் வரைகலைச் சில்லும் ஒரே உறைக்குள் அருகருகே அமர்ந்தன. 2011 ஜனவரியில் ‘சாண்டி பிரிட்ஜ்’ எனப்பட்ட இரண்டாம் தலைமுறை கோர் செயலிகள், இரண்டையும் ஒரே சில்லில் வார்த்து, மூன்றாம் நிலை இடைநினைவகத்தையும் அவற்றுக்குப் பொதுவாக்கின. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கியிருந்த ஏஎம்டியும் அதே 2011இல் ‘லானோ’ செயலிகளின் மூலம் இவ்விணைப்பை எட்டியது.

அந்த 2011ஆம் ஆண்டின் செப்டம்பர் 15 அன்றுதான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பின்வந்த ஆண்டுகளில் வழங்கிய கணினிகளின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. இரு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயலே. எனினும் தனி அட்டையும் அதற்கான நினைவகமும் தேவைப்படாத வடிவமைப்பு ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால்தான் இத்தகைய விலையில் இத்தனை கணினிகள் சாத்தியமாயின என்று கொள்ள இடமுண்டு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் ஊர்களுக்கு, உதிரிபாகம் குறைந்த கருவி கூடுதல் நன்மை.

இந்த மலிவுக்கு ஒரு விலையும் உண்டு. ஒருங்கிணைந்த வரைகலைக்குச் சொந்த நினைவகம் கிடையாது. அது செயலியோடு ஒரே நினைவகத்தைப் பகிர்கிறது. தொடக்ககால மடிக்கணினிகளில் இருந்த 2 ஜிபியில் ஒரு பங்கு திரைக்கே ஒதுங்கிவிடும். நினைவகம் ஒற்றைப் பலகையாகப் பொருத்தப்பட்டால் தரவுப் பாதையும் ஒன்றாகிவிடும். டிடிஆர்3-1333 வகையில் ஒரு பாதை நொடிக்கு ஏறத்தாழ 10.6 ஜிபியையும், இரு பாதைகள் சேர்ந்து 21.3 ஜிபியையும் கடத்த வல்லவை. ஆகவே செயலியின் தலைமுறை எண்ணை மட்டும் வைத்து வரைகலையின் திறனை மதிப்பிடுவது பிழையான முறை.

தலைமுறை எண் உண்மையில் பொருட்படுவது காணொளியில்தான். சுருக்கப்பட்ட காணொளியை விரித்துக் காட்டுவதற்கெனச் சில்லில் தனிச் சுற்று இருந்தால் செயலிக்குச் சுமை குறைந்து மின்கலமும் நீடிக்கும். இல்லையெனில் செயலியே முழு மூச்சில் கணக்கிட வேண்டும், கணினி சூடேறும். சாண்டி பிரிட்ஜ் எச்.264 முறைக்கான சுற்றைக் கொண்டிருந்தது. ஆனால் 2015 வாக்கில் யூடியூப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கிய விபி9 முறைக்கான முழுமையான சுற்று, இன்டெலில் 2016இன் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1 முறைக்கானது 2020இன் பதினொன்றாம் தலைமுறையில் வந்தது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் மாறியபோது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பல இவ்விடைவெளியின் பழைய பக்கத்தில் நின்றன.

2025–26ஆம் ஆண்டின் மாநில நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கப்படும் என அறிவித்தது. இத்தகைய கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளியில் செயலியின் பெயரோடு, எந்தெந்தக் காணொளி முறைகளுக்கு வன்பொருள் சுற்று வேண்டும் என்பதும், நினைவகம் இரு பாதைகளில் பொருத்தப்பட வேண்டும் என்பதும் தனித்தனி நிபந்தனைகளாக இடம்பெற வேண்டியவை.