பெயர் கெட்ட பேட்டை: சிட்னி கிங்ஸ் கிராஸில் இரவும் அடிதடியும் மனை விலையும், 1916–2021

சிட்னி நகர மையத்திலிருந்து கிழக்கே மேடேறும் வில்லியம் தெரு, உச்சியில் டார்லிங்ஹர்ஸ்ட் சாலையையும் விக்டோரியா தெருவையும் சந்திக்கும் இடம் கிங்ஸ் கிராஸ். 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவை ஒட்டி குவீன்ஸ் கிராஸ் என்று பெயரிடப்பட்டு, 1905இல் இன்றைய பெயரைப் பெற்றது. இந்தச் சிறு வட்டாரத்தின் பெயரைச் சொன்னாலே சாராயம், விபச்சாரம், போதைமருந்து, கத்திக்குத்து என்று ஆஸ்திரேலியர்கள் நினைக்கும் நிலை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: அடிதடி பெருகியதால் பேட்டையின் பெயர் கெட்டது, 2014இல் கடுமையான மதுச் சட்டம் வந்ததால் அடிதடி அடங்கிப் பெயர் தேறியது. சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. நகரத்தின் இரவை ஒரே மேட்டில் கொண்டுவந்து குவித்ததில் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குவிந்த இடத்தில் விழுந்த அடிக்கெல்லாம் பேட்டை பழி சுமந்தது. அந்தப் பழியை இனிப் பொறுக்க முடியாது என்று அரசு முடிவெடுத்த நேரத்தை, அடிகளின் எண்ணிக்கையைவிட, அடிபட்டவர் யார் என்பதும் அந்த மண்ணின் விலையுமே தீர்மானித்தன.

தொடக்கம் கிங்ஸ் கிராஸில் இல்லை. 1916 பிப்ரவரி 14 அன்று, சிட்னிக்கு மேற்கே கசூலா முகாமில் பயிற்சியில் இருந்த படைவீரர்கள் கலகம் செய்து, லிவர்பூல் ஊர் மதுக்கூடங்களைச் சூறையாடி, ரயிலேறி நகரத்துக்குள் வந்து கடைகளை நொறுக்கினார்கள். மத்திய ரயில் நிலையத்தில் ஒரு வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்கு இயக்கத்தார் நெடுநாளாகக் கேட்டுவந்த கட்டுப்பாட்டுக்கு இந்தக் கலகம் வழி திறந்தது. அதே ஆண்டு ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் நியூ சவுத் வேல்ஸ் மக்கள் மதுக்கூடங்களை மாலை 6 மணிக்கு மூடும்படி வாக்களித்தார்கள். ஐந்து மணிக்கு வேலை முடித்து வந்தவர்கள், மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தில் முடிந்தவரை குடித்துத் தீர்த்தார்கள். அந்த நெரிசலுக்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வசதியாகப் பல மதுக்கூடங்களின் சுவர்களில் பீங்கான் ஓடு பதிக்கப்பட்டது. ஆறு மணிக்குமேல் குடிக்க விரும்பியவர்கள் கள்ள மது விற்கும் வீடுகளைத் தேடிப் போனார்கள். அவை நகர மையத்துக்கு அருகே, வாடகை மலிவான டார்லிங்ஹர்ஸ்ட், சரி ஹில்ஸ், உலுமுலு சந்துகளில் இருந்தன. இந்தச் சட்டம் 1955 பிப்ரவரி வரை, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உயிரோடு இருந்தது.

பிற சட்டங்களும் இதே திசையில் வேலை செய்தன. பாலியல் தொழில் செய்யும் பெண்ணின் சம்பாத்தியத்தில் ஆண் வாழ்வதை 1908ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பெண் ஒருத்தி பாலியல் விடுதி நடத்துவதற்கு அதில் தடை இல்லை. டில்லி டிவைன் என்ற பெண் அத்தகைய விடுதிகளிலும் கேட் லீ என்ற பெண் கள்ள மதுவிலும் கொடிகட்டிப் பறந்த உலகம் இப்படித்தான் எழுந்தது. 1927இல் கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயமானது. ரவுடிகள் துப்பாக்கியை விட்டுச் சவரக்கத்திக்கு மாறினார்கள். முகத்தில் கீறிய தழும்போடு திரிந்தவர்களைப் பற்றி எழுதியே விற்ற ‘ட்ரூத்’ பத்திரிகை, டார்லிங்ஹர்ஸ்டுக்கு ‘ரேசர்ஹர்ஸ்ட்’ என்று பட்டப்பெயர் வைத்தது. கெட்ட சகவாசத்தையே குற்றமாக்கும் சட்டம் 1929இல் வந்தபோது சவரக்கத்திக் கும்பல்கள் தளர்ந்தன. வைத்த பெயர் மட்டும் தளரவில்லை. மேட்டின் மீதிருந்த கிங்ஸ் கிராஸுக்கும் அது பரவியது.

அந்தப் பெயர் பரவிய அதே பத்தாண்டுகளில் கிங்ஸ் கிராஸ் வேறொன்றாகவும் இருந்தது. 1920களிலும் 30களிலும் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களால் நாட்டின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்றாக மாறிய இப்பகுதியில் கவிஞர் கென்னத் ஸ்லெசர் வாழ்ந்தார். கவிஞர் மேரி கில்மோர் 1933 முதல் 1962இல் இறக்கும்வரை டார்லிங்ஹர்ஸ்ட் சாலையிலேயே குடியிருந்தார். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளின் காபிக் கடைகளும் இங்கே இருந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளில் வாடகைக்கு வீடு கிடைக்காத தனிப்பெண்களும், ஓரினச் சேர்க்கையாளர்களும், கலைஞர்களும் மூச்சுவிட்ட இடம் இது. இவர்களை வரவழைத்ததும் ரவுடிகளை வரவழைத்ததும் ஒரே காரணம்: மற்ற பேட்டைகள் ஏற்காததை இந்தப் பேட்டை ஏற்றது. அந்த ஏற்பில் ஒரு மேன்மை உண்டு என்றே நான் கருதுகிறேன். கெட்ட பெயரின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டால், அந்தப் பெயரை வைத்தவர்களின் கணக்கை மட்டுமே எழுதியவர்கள் ஆவோம்.

1967இல் அடுத்த குவிப்பு நடந்தது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களுக்குச் சில நாள் ஓய்வு விடுப்பில் சிட்னிக்கு வர வழி செய்யப்பட்டது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் வந்தவர்கள் சுமார் 2,80,000 பேர். ‘போர்பன் அண்ட் பீஃப்ஸ்டேக்’ பார் அந்த ஆண்டே டார்லிங்ஹர்ஸ்ட் சாலையில் திறக்கப்பட்டது. ஆடையவிழ்ப்பு நடன விடுதிகளும், சட்டவிரோதச் சூதாட்ட அறைகளும், பின்னால் ஹெராயினும் வந்தன. இவை மறைவாக நடந்தவை அல்ல. 1994இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஜேம்ஸ் வுட் விசாரணை ஆணையம், கிங்ஸ் கிராஸ் துப்பறிவாளர்கள் விடுதி நடத்துவோரிடமும் போதைமருந்து விற்போரிடமும் மாமூல் வாங்கியதை, காரில் பொருத்திய ரகசிய கேமராவின் பதிவுகளோடு வெளிப்படுத்தியது. 1997இல் அறிக்கை வெளியானபோது தெரிந்தது இதுதான்: எந்த விடுதி திறந்திருக்க வேண்டும், யார் எங்கே விற்கலாம் என்பதில் காவல் துறையின் ஒரு பகுதிக்கே பங்கு இருந்தது. பேட்டையின் இயல்பு என்று ஊரார் நம்பியதில் கணிசமானது சீருடையின் காவலில் வளர்ந்தது.

1970களின் இரண்டு நிகழ்ச்சிகள், விடுதி வன்முறை என்ற பெயருக்குள் எவ்வளவு அடைக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. விக்டோரியா தெருவின் பழைய வரிசை வீடுகளை இடித்து உயர்ந்த கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தைக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கம் 1973இல் அந்த வேலையைச் செய்ய மறுத்தது. போராட்டத்துக்குத் துணைநின்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஹுவானிட்டா நீல்சன், 1975 ஜூலை 4 அன்று விளம்பரம் பற்றிப் பேசுவதற்காக ‘கரோசல்’ என்ற இரவு விடுதிக்குச் சென்றார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவரைக் கடத்தச் சதி செய்ததற்காகப் பின்னாளில் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் கடைசியாகக் காணப்பட்ட இடம் விடுதி. அவருடைய போராட்டமோ மனை பற்றியது. மூன்றாண்டுகள் கழித்து, 1978 ஜூன் 24 இரவு, சிட்னியின் முதல் மார்டி கிரா ஊர்வலத்தினர் ஹைட் பூங்காவில் தடுக்கப்பட்டுக் கிங்ஸ் கிராஸுக்கு ஏறி வந்தார்கள். டார்லிங்ஹர்ஸ்ட் சாலையில் காவலர்கள் அவர்களை மறித்து அடித்தார்கள். 53 பேர் கைதானார்கள். கைதானோரின் பெயர்களை நாளிதழ் அச்சிட்டதால் பலர் வேலை இழந்தார்கள். மாநில நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்க 2016 வரை ஆயிற்று. அன்றிரவு அந்தத் தெருவில் அடித்தவர்கள் குடிகாரர்கள் அல்ல.

இனி 2012. அந்த ஜூலையில் விக்டோரியா தெருவில் நடந்துகொண்டிருந்த 18 வயது இளைஞர் ஒருவரை முன்பின் அறியாத ஒருவன் ஒரே குத்தில் வீழ்த்தினான். இரண்டு நாளில் அவர் இறந்தார். 2013 டிசம்பர் 31 அன்று அதே தெருவில் இன்னொரு 18 வயது இளைஞர் அதே விதமாகத் தாக்கப்பட்டு, பதினொரு நாள் கழித்து இறந்தார். இரு குடும்பங்களின் துயரத்தைக் கண்டு நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. அதிலிருந்து அரசு எழுதிய சட்டத்தைத்தான் ஆராய வேண்டும். 2014 பிப்ரவரி 24 முதல் கிங்ஸ் கிராஸிலும் நகர மையத்திலும் அதிகாலை 1.30க்குமேல் எந்த விடுதியும் புதிதாக ஆளை உள்ளே விடக்கூடாது. 3 மணிக்குமேல் மது ஊற்றக்கூடாது. மாநிலம் முழுவதும் இரவு 10 மணியோடு கடைகளில் மது விற்பனை நிற்க வேண்டியிருந்தது. கிங்ஸ் கிராஸின் பெரிய விடுதிகளின் வாசலில், வருவோரின் அடையாள அட்டையைக் கருவியில் வைத்துப் பதிந்த பிறகே அனுமதி. ஆனால் முதல் தாக்குதல் நடந்தது இரவு 10 மணி வாக்கில். இரண்டாவது 9 மணி கடந்ததும். இரண்டும் நடுத்தெருவில் நடந்தன. அதிகாலை 1.30க்கு மூடப்பட்ட கதவு இவ்விருவரில் எவரையும் காத்திருக்காது. மாநிலத்தில் குடும்பத்துக்கு வெளியே நடக்கும் அடிதடி வழக்குகள் 2008 வாக்கிலிருந்தே குறைந்துகொண்டிருந்தன என்பதும் அரசின் சொந்தக் குற்றப் புள்ளிவிவரத்திலேயே இருந்தது. நெடுங்காலமாக இதே தெருக்களில் பாலியல் தொழிலாளர்களும் திருநங்கைகளும் வீடற்றோரும் அடிபட்டார்கள். அவர்களுக்காக எந்த முதல்வரும் நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. சட்டத்தின் நோக்கம் எப்படி இருந்தாலும் பலன் கிடைத்ததா, இல்லையா? கிடைத்தது. மாநிலக் குற்றப் புள்ளிவிவரப் பணியகம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிங்ஸ் கிராஸில் குடும்பத்துக்கு வெளியிலான தாக்குதல்கள் 49 விழுக்காடும் நகர மையத்தில் 13 விழுக்காடும் குறைந்தன. அருகிலுள்ள செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலைவரை, மதுவால் படுகாயமுற்று வந்தோர் முதல் ஆண்டில் சுமார் கால் பங்கு குறைந்தார்கள். உடையாத தாடை ஒவ்வொன்றும் உண்மையான லாபம். நள்ளிரவில் தையல் போட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தச் சட்டத்தை ஆதரித்ததற்கு முழு நியாயம் இருந்தது. ஆனால் அதே ஆய்வு, கட்டுப்பாட்டு எல்லையை ஒட்டிய பகுதிகளில் 12 விழுக்காடும், எளிதில் சென்றுசேரக்கூடிய நியூட்டவுன் போன்ற இடங்களில் 17 விழுக்காடும் தாக்குதல் கூடியதையும் பதிவு செய்தது. கூட்டிக் கழித்தால் மொத்தத்தில் குறைவே. ஆயினும் ஒரு பகுதி இடம் மாறிற்று. 2015 ஜூனில் நியூட்டவுன் மதுக்கூடம் ஒன்றில் திருநங்கை இசைக்கலைஞர் தாக்கப்பட்டபோது, அதுவரை இத்தகையோருக்குப் புகலிடமாக இருந்த அந்தப் பேட்டையினர், கிங்ஸ் கிராஸ் கூட்டம் தங்கள் தெருவுக்கு வந்துவிட்டதாக அஞ்சினார்கள்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது, ஆனால் குறைவாகவே பேசப்பட்டது. நகர மன்றம் எடுத்த எண்ணிக்கையின்படி, கிங்ஸ் கிராஸில் பின்னிரவு நடமாட்டம் 2012க்கும் 2015க்கும் இடையே சுமார் 80 விழுக்காடு சரிந்தது. தாக்குதல் அளவையும் இந்த நடமாட்ட அளவையும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒன்றை மற்றதால் வகுத்துவிட முடியாது. இருந்தாலும் ஆட்கள் இந்த அளவு மறைந்த தெருவில் அடி பாதியாகக் குறைந்தது என்றால், அங்கே வந்த ஒருவருக்கு இருந்த ஆபத்து குறைந்ததா என்ற கேள்வி எழுகிறது. தெருவைக் காலிசெய்து கிடைத்த அமைதியையும், மக்கள் நிறைந்த தெருவில் கிடைக்கும் அமைதியையும் ஒரே வெற்றியாக எழுதக்கூடாது. முன்பு அங்கே ரயில் அதிகாலை ஒரு மணி வாக்கில் நின்றுவிடும்; டாக்சி ஓட்டுநர்கள் 3 மணிக்கு ஷிஃப்ட் மாற்றுவார்கள். ஆயிரக்கணக்கானோர் குடித்த நிலையில் வீடு திரும்ப வழியின்றி ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். இரவு ரயிலை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சோதிக்கப்படவே இல்லை.

சட்டத்தை ஆதரிப்போர் அதே மாநிலத்தின் நியூகாசில் நகரைக் காட்டுவார்கள். அங்கே 2008இல் ஏறத்தாழ இதே நேரக் கட்டுப்பாடு வந்து, தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன. பக்கத்து ஹாமில்டனுக்கு அவை நகர்ந்ததாகவும் சான்றில்லை. இது நேர்மையான எதிர்ச்சான்று. மது ஊற்றும் நேரத்தைக் குறைத்தால் அடி குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நியூகாசிலில் நிபந்தனை விழுந்தது, புகார்களின் பேரில் பெயர் குறிப்பிடப்பட்ட 14 மதுக்கூட உரிமங்கள் மீது. சிட்னியில் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே பிர்மாண்டின் ஸ்டார் சூதாட்ட விடுதி இருந்தது. புதிய சூதாட்ட விடுதிக்கு ஒதுக்கப்பட்ட பாராங்காரூவும் இருந்தது. நியூகாசிலில் தண்டனை கடைக்கு, சிட்னியில் பேட்டைக்கு.

பேட்டையின் மேட்டுக்குடியாக்கம் எப்படியும் நடந்திருக்கும், சட்டத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பாரும் உண்டு. விக்டோரியா தெரு அதற்கு 1973லேயே சாட்சி சொல்லிவிட்டது. துறைமுகத்தைப் பார்க்கும் மேட்டு மண்ணின் விலை எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. சட்டம் செய்தது, நடமாட்டம் இல்லாமல் விடுதிகளை நலியவைத்து, அவற்றின் கட்டடங்களை அடுக்ககங்களாக மாற்றுவதை விரைவுபடுத்தியது. ஹியூகோஸ் இரவு விடுதி 2015இல் மூடப்பட்டது. வேர்ல்ட் பார் 2018இல். பழைய கிரெஸ்ட் ஓட்டல் சொகுசு அடுக்ககமாயிற்று. வீட்டுத் தரகர்களின் பலகைகளில் கிங்ஸ் கிராஸ் என்ற பெயர் அருகிப்போய், அதே வீடுகள் பாட்ஸ் பாயின்ட் என்ற பக்கத்துப் பெயரில் விற்கப்பட்டன. இத்தனைக்கும் 2001 மே முதல் அதே டார்லிங்ஹர்ஸ்ட் சாலையில் மருத்துவக் கண்காணிப்பில் போதை ஊசி போட்டுக்கொள்ளும் மையம் இயங்கிவருகிறது. அங்கே ஒருவர்கூட இறந்ததில்லை. ஆளை விரட்டாமல் உயிரைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கான விடை, அதே தெருவில் சட்டத்துக்குப் பதின்மூன்றாண்டு முன்பே இருந்தது.

நகர மையத்துக்கான கட்டுப்பாடுகள் 2020 ஜனவரி 14 அன்று நீங்கின. கிங்ஸ் கிராஸ் 2021 மார்ச் 8 வரை காத்திருந்தது. கடைசியாக விடுவிக்கப்பட்ட பேட்டை என்பதும் பழைய பெயரின் தொடர்ச்சியே. அதன்பின் மாநிலம் இரவுப் பொருளாதாரத்துக்குத் தனி ஆணையரை அமர்த்தியது. இரைச்சல் புகார் வந்தால் அந்த இடத்தில் முதலில் இருந்தது விடுதியா, குடிவந்தவரா என்பதைப் பார்க்கும் விதிக்கும் வலுச் சேர்த்தது. விடுதிகளே அடுக்ககங்களாகிவிட்ட கிங்ஸ் கிராஸில் அந்த விதியால் காக்கப்பட மிஞ்சியவை குறைவு. இப்போது அது அதிகம் தேவைப்படுவது நியூட்டவுனுக்கும், அடுத்து எந்தத் தெருவுக்கு இரவு நகர்கிறதோ அந்தத் தெருவுக்கும்தான்.