இருமினால் சிறுநீர் கசிகிறதா? தாய்மார்களுக்கு ஒரு எளிய பயிற்சி

பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும், மாதவிடாய் நிற்கும் வயதை எட்டியவர்களுக்கும், வெளியே சொல்லாத ஒரு சிரமம் உண்டு. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், கனமான பாத்திரத்தைத் தூக்கினால் சிறிது சிறுநீர் கசிந்துவிடும். தொழுகின்ற பெண்ணுக்கு இதில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஸஜ்தாவிலிருந்து எழும்போது கசிந்தால் உளூ முறிந்துவிடும், ஆடையும் நஜீஸாகிவிடும். இதற்குப் பயந்தே தராவீஹுக்கு வராமல் வீட்டில் இருந்துவிடும் தாய்மார்கள் உண்டு. மார்க்கத்தைக் கற்க வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நாம் அறிவோம். மருத்துவத்திலும் அந்த வெட்கம் வேண்டியதில்லை.

இடுப்பின் அடியில், முன்புற எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிரசவம், உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது ஆகியவை அதைத் தளர்த்துகின்றன. தளர்ந்த தசையால், வயிற்றில் திடீரென ஏறும் அழுத்தத்துக்கு எதிராகச் சிறுநீர்ப் பாதையை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை.

கை கால் தசைகளைப்போல இதையும் பயிற்சியால் வலுவாக்கலாம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதைப் பற்றி எழுதினார். அதனால்தான் 'கெகல் பயிற்சி' என்ற பெயர். இன்றும் இவ்வகைக் கசிவுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது அறுவை சிகிச்சையை அல்ல, இதைத்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான காக்ரேன் அறிக்கையில், பயிற்சி செய்த பெண்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான்.

செய்முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். படுத்தோ உட்கார்ந்தோ, வாயு பிரியாமல் அடக்குவதுபோலவும் சிறுநீரை நிறுத்துவதுபோலவும் ஒரே நேரத்தில் இறுக்கி, உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். கீழ்நோக்கி முக்கினால் பயன் இல்லை, கெடுதல்தான். முதலில் 3 விநாடி பிடித்தாலே போதும். வாரங்கள் போகப் போக 10 விநாடி வரை கூட்டலாம். ஒவ்வொரு முறைக்கும் பின் அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். இப்படி 8 முதல் 10 தடவை, பிறகு சட்டென இறுக்கி விடுவது சில தடவை. நாளொன்றுக்கு மூன்று வேளை. ஃபஜ்ர், அஸர், இஷா தொழுத பின் விரிப்பிலேயே அமர்ந்து செய்தால் மறக்காது என்பது நம் யோசனை.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைச் சிலர் பயிற்சியாகவே செய்கிறார்கள். அது வேண்டாம், பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தண்ணீரையும் குறைக்காதீர்கள். இருமல் வருவதாகத் தெரிந்தால் அதற்கு முந்திய நொடியில் தசையை இறுக்கிக்கொள்ளுங்கள்; பாரம் தூக்கும்போதும் அப்படியே. இந்தப் பழக்கமே கசிவைக் கணிசமாகக் குறைக்கும்.

குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்து செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு 'நமக்குப் பலிக்கவில்லை' என்று சொல்வதில் நியாயமில்லை. சரியான தசைதான் இறுகுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் பெண் மருத்துவரிடமோ பெண் பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், அடியில் ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு, அடக்கவே முடியாத அவசரம் இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

தொழுகையைப் பொறுத்தவரை, எப்போதாவது இருமும்போது கசிவது தொடர் கசிவு ஆகாது. கசிந்தது உறுதியானால் சுத்தம் செய்து, உளூ செய்து, திரும்பத் தொழ வேண்டும். வெறும் சந்தேகத்தால் உளூ முறியாது. உளூ செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் கசிபவருக்கே தங்கடமுடையவருக்கான சலுகைச் சட்டம். நின்றால் கசிந்து, உட்கார்ந்தால் கசியாத நிலையைப் பற்றியும் ஷாஃபிஈ, ஹனஃபி நூல்கள் பேசியிருக்கின்றன. உட்கார்ந்து தொழச் சொல்கின்றன. அத்தகையவர்கள் தம் நிலையை விவரமாகச் சொல்லி ஊர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டுக்கொள்ளலாம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கணவரோ மகளோ கேட்டு வரலாம்.