மாடமும் மேடையும்: லெம்பா பெர்த்தாம் தோட்டத்து இல்லங்களில் தெய்வ இருக்கை



கோவில் வரலாறு எழுதுவோர் நம்மிடையே பலர். அதற்குக் கல்வெட்டு உண்டு. குடமுழுக்கு மலர் உண்டு. அறங்காவலர் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் உண்டு. வீட்டின் ஒரு சுவரில் விளக்கேற்றி வைத்த சிறிய இடத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதற்கு யாரும் மலர் வெளியிடுவதில்லை. ஆயினும் தோட்டப்புறத் தமிழர் நாள்தோறும் கைகூப்பி நின்ற இடம் அதுவேயாகும். ஏட்டுச் சான்று இல்லாத அவ்விடத்தின் வரலாற்றைச் சொற்களைக் கொண்டு ஓரளவேனும் மீட்கலாம் என்பதே இவ்வுரையில் நாம் காட்ட முயல்வது. நாம் எடுத்துக்கொண்ட களம், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தென்பகுதியில் அமைந்த லெம்பா பெர்த்தாமும் அதன் சுற்றுப்புறத் தேயிலைத் தோட்டங்களும் ஆகும்.

'லெம்பா' என்பது மலாய் மொழியில் பள்ளத்தாக்கு. 'பெர்த்தாம்' கூரை வேய ஓலை தரும் ஒருவகைப் பனை. பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தது 1885ஆம் ஆண்டில். எனினும் தேயிலை பெருந்தோட்டப் பயிராக இங்கே காலூன்ற மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் போ தோட்டத்தை நிறுவியது 1929இல். காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் வந்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். பெரட்டுக் களம், கங்காணி, கிராணி, ஆயாக் கொட்டகை, லயம் என்று கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் நாம் அறிந்த அதே உலகம் குளிர்மலையிலும் உருவாயிற்று. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடை செய்தது. அதற்குப் பின் லயத்து மக்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து, இங்கேயே மணந்து, இங்கேயே இறந்தனர். இந்த ஆண்டினை நினைவிற் கொள்க. பின்னர் அது தேவைப்படும்.

மலேசியத் தமிழர் வீட்டில் தெய்வப் படங்களும் விளக்கும் வைக்கும் இடத்துக்கு வழங்கும் பெயர் 'சாமி மேடை'. தமிழ்நாட்டார் காதில் இச்சொல் சற்றே வியப்பாக ஒலிக்கும். அங்கே மேடை என்றால் பேச்சு மேடை, நாடக மேடை, மணமேடை. அடுக்களைக்குள் போனால் அடுப்பு மேடை. சாமிக்கு உரியது மாடம், மாடக்குழி, பிறை என்பன. நகரத்து வீடுகளில் பூசையறை. மேடு என்னும் சொல்லொடு தொடர்புடையது மேடை. உயர்ந்து நிற்பது என்பது அதன் உட்பொருள். மாடக்குழியோ சுவரைக் குடைந்து உள்ளே செல்வது. ஒன்று புடைப்பு, மற்றொன்று குழிவு. ஒரே பணிக்கு இரு நிலத்தில் எதிரெதிர் வடிவம் குறிக்கும் இரு சொற்கள் அமைந்தது ஏன்?

விடை சுவரில் இருக்கிறது என்பது நம் கருத்து. தமிழகத்துச் சிற்றூர் வீட்டின் சுவர் மண்ணாலும் செங்கல்லாலும் ஆனது, கனமானது. கட்டும்போதே ஒரு முழ உயரத்துக்குக் குழிவு விட்டால் அகல் வைக்கும் மாடம் கிடைத்துவிடும். காற்று அதில் புகாது. சுவரின் கறுத்த புகைத்தடமே அவ்வீட்டின் வயதைச் சொல்லும். தோட்டத்து லயம் அத்தகையதன்று. பலகைச் சுவர் விரற்கடை கனமே உடையது. அதைக் குடைந்தால் அடுத்த வீட்டுக்காரர் முகம் தெரியும். ஆகவே தெய்வத்தை உள்ளே பொதிய இடமின்றி வெளியே தாங்கவேண்டியதாயிற்று. ஆணியடித்துப் பொருத்திய ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் ஒரு படம், முன்னே ஓர் அகல். மாடம் மேடையான கதை இதுதான். பொருள் மாறியபோது மக்கள் பழஞ்சொல்லை இழுத்துப் பொருத்தாமல் பொருளுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தனர். தொழிலாளர் மொழியைக் கொச்சை என்று தள்ளுவோர் இந்த நுட்பத்தைக் கவனிப்பதில்லை.

மாணவர் கட்டுரை ஏடுகளில் 'சாமி மேடை' என்பதைச் சிவப்பு மையால் அடித்துப் 'பூசையறை' என்று திருத்தியிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தத் திருத்தம் பிழை. அறை இல்லாத வீட்டில் பூசையறை எங்கிருந்து வரும்?

வீட்டு வழிபாடு பழமையானது என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்கால மழையைக் காட்டும் பாட்டு. கதிரவன் தெரியாத அந்நாளில், தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்பு மலர்வதைக் கண்டு மாலைப்பொழுது வந்ததை மகளிர் உணர்கின்றனர். இரும்பு விளக்கில் நெய்தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். எந்தத் தெய்வத்தை என்று பாட்டுக் கூறவில்லை. கோவிலும் இல்லை, பூசகரும் இல்லை, மந்திரமும் இல்லை. பனிமூட்டம் பகலையே மறைக்கும் கேமரன் மலையில் இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

பட்டினப்பாலை காட்டும் காட்சி இன்னும் நெருக்கமானது. கந்து எனப்படும் தூண் நின்ற பொதுவிடம் ஒன்று. மெழுகிய நிலத்தில் மலர் தூவியிருக்கிறது. அணையா விளக்கு எரிகிறது. வேற்றூரிலிருந்து வந்தோர் பலர் அங்கே தங்கித் தொழுகின்றனர். விளக்கை ஏற்றுவோர் கொண்டி மகளிர், அதாவது பகைவர் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் என்பது உரை. ஒப்பந்தத்தில் வந்த தோட்டத்துப் பெண்ணும் போரில் சிறைப்பட்ட பெண்ணும் ஒருவரல்லர். காலத்தைக் குழப்புதல் நம் நோக்கமன்று. சொந்த ஊரை இழந்த ஒருத்தி மற்றோர் ஊரில் விளக்கைக் காக்கிறாள் என்னும் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி மேடைமேல் இருப்பவற்றைப் பார்ப்போம். புதிதாகத் தெய்வ இருக்கை நிறுவுவதற்குத் தமிழர் கையாண்ட மிகப் பழைய முறை 'பிடிமண்' எடுத்தல். தாய்க் கோவிலின் மண்ணில் ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்து, குடியேறிய ஊரில் வைத்து, அதன்மேல் கல்லோ பீடமோ எழுப்புவர். மண் வந்தால் தெய்வம் வந்துவிட்டது என்பது நம்பிக்கை. கங்காணி வழியாகக் கூட்டமாக வந்தோர்க்கு இது இயன்றது. ஊருக்குச் சென்று மீள்வோர் கொண்டுவரவும் வழி இருந்தது. 1938க்குப் பின் அவ்வழி ஒடுங்கியது. பிடிமண் வாராதபோது குலதெய்வம் பெயரளவில் நின்றது. பெயரை அறிந்த பாட்டனும் பாட்டியும் மறைந்தபின் பெயரும் நிற்கவில்லை.

அந்த இடத்தை அச்சுப்படம் நிரப்பியது. ஓவியர் ரவிவர்மா 1894இல் தொடங்கிய கல்லச்சுக்கூடம் இலக்குமியையும் கலைமகளையும் எளியோர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் சிவகாசி நாட்காட்டிகள் அப்பணியை மேற்கொண்டன. இதில் ஒரு விளைவு உண்டு. அச்சில் வந்த தெய்வங்கள் எல்லார்க்கும் பொதுவான பெருந்தெய்வங்கள். ஊரெல்லையில் கல்லாக நின்ற தெய்வத்துக்குப் படம் இல்லை. ஆகவே, படம் உள்ள முருகனும் பிள்ளையாரும் மாரியம்மனும் மேடை ஏறினர். படம் இல்லாத குலதெய்வம் ஒரு மஞ்சள் துணி முடிப்பாகவோ ஒரு செம்பு நீராகவோ மேடையின் ஓரத்தில் ஒதுங்கிற்று. ஓரத்தில் இருப்பது எது என்று கேட்டறிவது களப்பணி செய்யும் மாணவர்க்கு நல்ல தொடக்கம்.

எல்லாத் தெய்வமும் வீட்டுக்குள் வருவதுமில்லை. முனீசுவரன், மதுரைவீரன், சங்கிலிக் கருப்பன் ஆகியோர் 'துடியான சாமி' எனப்படுவர். அவர்க்குச் சுருட்டும் சாராயமும் சேவலும் உரியன. வாசலுக்கு வெளியே, மரத்தடியில், தோட்ட எல்லையில் அவர்களின் இடம். உள்ளே சைவப் படையல், வெளியே ஊன் படையல் என்னும் பிரிவினை, எழுதப்படாத ஒரு வீட்டு இலக்கணம். இறந்த முன்னோரின் ஒளிப்படம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும். மேடையில் சேராது, தனிச்சுவரில் மாலையொடு தொங்கும். தீபாவளிக்கு முன்னாள் அவர்க்கு விரும்பிய உணவெல்லாம் இலையில் இட்டுப் 'படைப்பார்கள்'. நடுகல் நிறுவும் துறைகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் 'பெரும்படை' என்று ஒன்றைச் சுட்டுகிறார். நடுகல்லுக்குப் படைத்த அந்தச் சொல்லே தோட்டத்துச் சமையற்கட்டில் இன்றும் வழங்குகிறது.

குளிர்மலை சில மாற்றங்களையும் செய்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். இம்மலையின் சராசரி வெப்பம் 18 பாகையை ஒட்டியது. ஆகவே இங்கே விளக்குக்கு நல்லெண்ணெயே ஏற்றது. வெம்மை விரும்பும் வேம்பு இங்கே செழிப்பதில்லை. மாரியம்மனுக்கு வேப்பிலை வேண்டுமெனில் தாப்பா இறங்கவேண்டும். மாறாகச் செவ்வந்தி இங்கே பெருவாணிகப் பயிர். கீழ்நாட்டார் விலைகொடுத்து வாங்கும் பூ இங்கே பக்கத்துத் தோட்டத்தில் பூக்கிறது.

அந்தத் தோட்டம் பெரும்பாலும் சீனருடையது. அவர் வீட்டிலும் மேடை உண்டு: செந்நிறம் பூசியது, ஊதுவத்தி செருகியது, மண்ணின் காவலரான தூ தி குங்கிற்குத் தரையொட்டி ஓர் இருக்கை. வழியோரங்களில் டத்தோ கோங்கிற்குச் சிறு குடில். மலாய்ப் புனிதரும் சீன நிலத்தெய்வமும் கலந்த அத்தெய்வத்துக்குப் பன்றியிறைச்சி படைப்பதில்லை. தமிழர் சிலர் அங்கே ஊதுவத்தி கொளுத்துவதும் சீனர் முனீசுவரனுக்குத் தேங்காய் உடைப்பதும் மலேசியாவில் யாவரும் அறிந்தவை. கடையில் செய்து விற்கும் மரப்பேழை வடிவச் சாமி மேடையைச் சீன மேடையின் அருகில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். பலகைத் துண்டு பேழையான வரலாற்றில் சீனத் தச்சரின் கையும் உண்டு என்றே நாம் எண்ணுகிறோம்.

இவ்வழிபாட்டுக்கு வெளியார் இட்ட பெயர்களையும் சிறிது நோக்கவேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் கால்வழியை விரித்து எழுதி முடித்தார். சிற்றூர்த் தெய்வங்களையும் அவர் விடவில்லை. ஐரோப்பியர் இத்தகைய வழிபாட்டினரைப் 'பேகன்' என்பர். மறைப்பணியாளர் தமிழில் அது 'அஞ்ஞானி' ஆயிற்று. ஆனால் அதன் இலத்தீன் மூலமான 'பகானுஸ்' நாட்டுப்புறத்தான் என்றே முதலில் பொருள்பட்டது. இன்று ஆய்வாளர் கூறும் 'நாட்டார் தெய்வம்' என்பதன் நேர்ப்பொருளும் அதுவே. இகழ்ச்சியாக மொழிபெயர்த்த சொல்லுக்கு நம்மிடம் மதிப்பான சொல் முன்பே இருந்தது.

உள்ளிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. போ தோட்டம் தொடங்கிய 1929ஆம் ஆண்டின் இறுதியில்தான் பெரியார் மலாயாவுக்கு முதன்முறை வந்தார். உயிர்ப்பலியையும் குடியையும் மூடநம்பிக்கையையும் சாடிய சீர்திருத்தம் தோட்டங்களில் பரவியது. அதனால் விளைந்த நன்மையை நாம் குறைத்துக் கூறோம். பின்னர் வேறொரு திசையிலிருந்து ஆகமவழிப்பாடு வந்தது. மரத்தடிக் கல் கோபுரக் கோவிலாயிற்று, முனியாண்டி முனீசுவரர் ஆனார், சுருட்டு நீங்கியது. பகுத்தறிவாளரும் ஆகமவாதியும் ஒருவரையொருவர் ஏற்காதவர். எனினும் இருவர் கையிலும் தேய்ந்தது அதே எல்லைக் கல்தான் என்பது வரலாற்றின் விந்தை. கோவிலுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் வீட்டு மேடையை முழுதும் எட்டவில்லை. அங்கே முடிவெடுப்பவர் குடும்பத்து மூத்த பெண்மணி. அவர் எந்தக் கூட்டத் தீர்மானத்துக்கும் கட்டுப்பட்டவரல்லர்.

இன்று இம்மலையில் கொழுந்து எடுப்போருள் பிற நாட்டுத் தொழிலாளரே மிகுதி. லயத்துத் தமிழ்க் குடும்பங்கள் ரிங்லெட்டுக்கும் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூர் அடுக்ககங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. 2013 அக்டோபர் 23இல் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் ஆறு கரைபுரண்டு உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றது. படம் நனைந்தால் வேறு படம் வாங்கலாம். ஓரத்தில் இருந்த மஞ்சள் முடிப்பு எதற்காக முடியப்பட்டது, எந்த ஊர்த் தெய்வத்துக்கு நேர்ந்தது என்பதைச் சொல்வோர் இல்லையெனில் அதற்கு மாற்று இல்லை. அடுக்ககத்தில் கிழக்கு நோக்கிய சுவர் குளியலறைச் சுவராக அமைந்துவிட, மேடையை எங்கே வைப்பது என்று இளங்குடும்பங்கள் கேட்கின்றன. வீட்டு இலக்கணம் அறிந்த பாட்டி அருகில் இருந்தால் ஒரு நொடியில் விடை கிடைக்கும். இல்லையேல் மரப்பேழை விற்கும் கடைக்காரர் சொல்வதே முடிவு.

இறுதியாக ஒரு சொல். எரியும் விளக்கைத் தமிழர் 'அணை' என்று சொல்லக் கூசுவர். 'குளிரவை' என்பர், 'அமர்த்து' என்பர், 'மலையேற்று' என்றும் கூறுவர். சாமி வந்து ஆடியவர் அமைதியுற்றால் 'சாமி மலையேறிவிட்டது' என்பதும் இவ்வகையே. மலையிலேயே குடியிருப்போர் இந்த வழக்கை என்ன செய்தனர் என்னும் ஆவலால் பெர்த்தாம் பகுதி மூதாட்டி ஒருவரிடம் கேட்டோம். "சாமி நம்மளோடதானே இருக்கு, எங்க ஏறும்? வெளக்க குளிர வச்சிட்டுப் படுங்க" என்றார்.