மரவேடம் பூண்ட கோபுரம்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள ராஸ்வெல் நகரின் மன்றம் ஒரு பைன் மரத்தைப் பற்றி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விவாதித்தது. அம்மரத்தின் உயரம் 108 அடி. அதற்கு விதையும் இல்லை, வேரும் இல்லை. தனி வீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் இருந்த 2.8 ஏக்கர் காலி மனையில் செல்பேசிக் கோபுரம் ஒன்றை எழுப்ப டி-மொபைல் நிறுவனம் அவ்வாண்டு பிப்ரவரியில் விண்ணப்பித்திருந்தது. கோபுரம் கோபுரமாகத் தெரியாது, செயற்கைப் பைன் மரமாகத் தோற்றமளிக்கும் என்பது விண்ணப்பத்தின் சாரம். மன்றம் ஒருமனதாக மறுத்தது. ஐந்தாண்டுகள் கழித்து இந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு சிற்றூர் மன்றத்தின் அன்றாட அலுவல் என்று ஒதுக்கிவிடக்கூடிய இச்செய்தியை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்த விசாரணையில் வேடம் பூண்டது கோபுரம் மட்டுமன்று. இத்தகைய விசாரணைகளில் மனிதர்களின் அச்சமும் வேறொரு வேடம் பூண்டே பேச வேண்டியிருக்கிறது. அந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

தேவையான ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை நகரங்களுக்குப் பழையது. 1860களில் இலண்டனில் சுரங்க ரயில் பாதை நீட்டிக்கப்பட்டபோது, நீராவி எஞ்சின்கள் புகையை வெளியேற்றத் திறந்தவெளி தேவைப்பட்டது. லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்னும் செல்வர் தெருவில் இரண்டு வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த இடைவெளி தெருவின் அழகைக் கெடுக்கும் என்பதால், 23, 24 எண்களில் வீட்டு முகப்புகள் மட்டும் சுவராக எழுப்பப்பட்டன. வரைந்த சன்னல்களும் திறக்காத கதவுகளுமாக அவை இன்றும் நிற்கின்றன. நியூயார்க்கின் புரூக்ளினில் 1847இல் கட்டப்பட்ட ஒரு வீடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்க ரயிலின் காற்றுப்போக்கியாக மாற்றப்பட்டது. கருநிறம் பூசிய சன்னல்களுக்குப் பின்னால் அங்கே யாரும் வசிப்பதில்லை.

பொய் மரத்துக்கோ போர்க்களப் பிறப்பு. முதல் உலகப் போரில், பிரெஞ்சுப் படையினரும் பின்னர் ஆங்கிலேயரும் பதுங்குகுழிகளுக்கு நடுவே பட்டுப்போன மரங்களைப் போன்ற எஃகுக் கூடுகளைச் செய்தனர். ஆங்கிலப் படைக்கு 1916இல் இத்தகைய மரத்தை அமைத்துத் தந்தவர் சாலமன் ஜே. சாலமன் என்னும் ஓவியர். இரவோடிரவாக உண்மை மரத்தை அகற்றிவிட்டு அதே இடத்தில் பொய் மரத்தை நட்டு, அதனுள் ஏறிப் பகைவரை வேவு பார்த்தனர். அங்கே ஏமாற்ற வேண்டியவன் எதிரி. ராஸ்வெல் நகரில் அந்த இடத்தில் இருந்தவர்கள் அண்டை வீட்டார்.

செல்பேசிக் கோபுரம் மரமானது 1992இல். அமெரிக்காவில் வணிக முறையில் செல்பேசிச் சேவை 1983 அக்டோபரில் சிகாகோவில் தொடங்கியிருந்தது. பத்தாண்டுகளுக்குள் கோபுரங்கள் நெடுஞ்சாலைகளைத் தாண்டிக் குடியிருப்புகளை நெருங்கின. அரிசோனாவின் டூசான் நகரில், விலங்குக் காட்சிச்சாலைகளுக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் செயற்கைப் பாறைகளையும் மரங்களையும் செய்து வந்த லார்சன் நிறுவனம், கொலராடோவின் டென்வரில் ஒரு கோபுரத்தைப் பைன் மரமாக ஒப்பனை செய்தது. இவ்வகையில் முதலாவது என்று அதையே சொல்வது வழக்கம். பின்னர் பனை மரங்களும், பாலைநிலங்களில் கள்ளிகளும், கொடிக் கம்பங்களும், நீர்த்தொட்டிகளும், தேவாலயக் கூம்புகளும் ஆண்டெனாக்களுக்கு மறைவிடங்களாயின.

இவற்றின் அமைப்பு எளியது. நடுவில் எஃகுக் கம்பம், அதன்மேல் பட்டையைப் போல் வார்த்த பூச்சு, கண்ணாடியிழைக் கிளைகள், பிளாஸ்டிக் ஊசியிலைகள். ஆண்டெனாவை மூடும் பொருள் எதுவாயினும் வானொலி அலைகளைத் தடுக்கக் கூடாது என்பது முதல் விதி. அலை தடையின்றிச் செல்லக் கோபுரம் சுற்றியுள்ள மரங்களுக்கு மேலே தலைநீட்டவும் வேண்டும்; ஈரமுள்ள இலைத்திரள் அலைகளை விழுங்கிவிடும். ஆகவே மறைவதற்காக மரமாகும் கோபுரம், வேலை செய்வதற்காக மற்ற மரங்களை மிஞ்சியே நிற்க வேண்டியிருக்கிறது. இயற்கை பைன் மரத்தின் கிளைகள் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். பொய் மரமோ, உச்சியிலுள்ள ஆண்டெனாக்களை மறைக்க வேண்டியிருப்பதால், மேலே பருத்து நிற்கும். அதனால்தான் அதை எவரும் ஒரே பார்வையில் கண்டுகொள்கிறார்கள்.

பிறகு ஏன் இத்தனை ஒப்பனை? விடை தாவரவியலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1996 பிப்ரவரி 8ஆம் நாள் அதிபர் கிளின்டன் தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கோபுரம் எங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அச்சட்டத்தின் 704ஆம் பிரிவு உள்ளூர் அமைப்புகளிடமே விட்டுவைத்தது. ஆனால் அந்த உரிமையைச் சுற்றி வேலிகளையும் போட்டது. நிறுவனங்களுக்கிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டக் கூடாது; சேவையே கிடைக்காதபடி தடுக்கக் கூடாது; நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்; மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும்; அது போதிய சான்றுகளைக் கொண்ட பதிவால் தாங்கப்பட வேண்டும். 'நியாயமான காலம்' என்பதற்கு 2009இல் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் ஓர் அளவு வகுத்தது: இருக்கும் கோபுரத்தில் ஆண்டெனா சேர்க்க 90 நாள், புதிய கோபுரத்துக்கு 150 நாள்.

இவை அனைத்தையும் விட முக்கியமான வேலி ஒன்று உண்டு. ஆணையம் வகுத்த கதிர்வீச்சு வரம்புக்கு ஒரு கோபுரம் உட்பட்டிருக்குமானால், அதன் வானொலி அலைகளால் விளையும் சுற்றுச்சூழல் பாதிப்பைக் காரணம் காட்டி எந்த உள்ளூர் அமைப்பும் அதைத் தடுக்க இயலாது. உடல்நல அச்சமும் இதற்குள் அடங்கும் என்றே நீதிமன்றங்கள் பொருள் கொண்டுள்ளன.

இந்த விதிக்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அலைகளின் தன்மையை ஆராயும் திறன் ஒவ்வொரு சிற்றூர் மன்றத்துக்கும் இருக்காது. ஊருக்கு ஒரு வரம்பு என்று போனால் நாடு தழுவிய தொடர்பு அமைப்பு உருவாகாது. செல்பேசி அலைகள் அயனியாக்கும் வகையைச் சேர்ந்தவையும் அல்ல. 2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை 'புற்றுநோய் விளைவிக்கக் கூடும்' என்னும் 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. ஆனால் அது சான்று போதாமையைச் சுட்டும் பிரிவே அன்றி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிரிவு அன்று.

ஆயினும் விளைவைப் பாருங்கள். தன் குழந்தை உறங்கும் அறைக்கு எதிரே கோபுரம் வரப்போகிறது என்று கேள்விப்படும் ஒரு தாய்க்கு முதலில் எழும் கேள்வி, 'இதனால் என் பிள்ளைக்குத் தீங்கு வருமா?' என்பதே. விசாரணைக் கூடத்தில் அக்கேள்வியை அவள் எழுப்பலாம். ஆனால் மன்றம் அதைக் காரணமாக ஏற்று மறுத்தால், அம்மறுப்பு நீதிமன்றத்தில் நிற்காது. இது தெரிந்தவர்கள் அவளிடம் சொல்வார்கள்: உடம்பைப் பற்றிப் பேசாதே, அழகைப் பற்றிப் பேசு, நோயைப் பற்றிப் பேசாதே, வீட்டு விலையைப் பற்றிப் பேசு. அச்சம் அழகுணர்ச்சியின் ஆடையை உடுத்திக்கொண்டு மேடையேறுகிறது. நிறுவனம் அந்த ஆடைக்கே பதில் சொல்கிறது: அழகுதான் உங்கள் குறை என்றால் இதோ ஒரு மரம். கேட்கப்படாத கேள்விக்கு மறுமொழி கிடைப்பதில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு பிளாஸ்டிக் இலைகள் கிடைக்கின்றன.

எல்லாரும் அச்சத்தை மறைத்துத்தான் அழகைப் பேசுகிறார்கள் என்று கொள்வதும் தவறு. தன் தெருவின் தோற்றத்தை உண்மையாகவே நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அழகு என்பது சட்டத்தின் முன் ஏற்கத்தக்க காரணமே. ஆனால் பொதுவான வெறுப்பு போதாது. இந்த இடத்தில், இந்தக் கோபுரம், இன்ன விதத்தில் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், சட்டம் ஒரு கதவை அடைத்துவிட்டு மறுகதவைத் திறந்து வைத்ததால், உண்மையான அழகுணர்ச்சியையும் வேடமிட்ட அச்சத்தையும் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

இனி ராஸ்வெல் நகருக்குத் திரும்புவோம். நகரின் திட்டமிடல் பிரிவு, சில நிபந்தனைகளோடு விண்ணப்பத்தை ஏற்கலாம் என்றே பரிந்துரைத்திருந்தது. மன்ற உறுப்பினர்கள் வேறுவிதமாக நினைத்தனர். கோபுரம் இயற்கைச் சூழலோடு அழகால் பொருந்தவில்லை, மிக உயரமானது, வீடுகளுக்கு அருகில் இருப்பதால் அண்டை வீட்டாருக்கும் அவர்கள் வீடுகளின் மறுவிற்பனை மதிப்புக்கும் கேடு என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர, அது நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, நிறுவனத்துக்குக் கடிதம் சென்றது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பை நகர எழுத்தரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் உள்ளடக்கம். காரணம் ஒரு சொல்லும் இல்லை. குறிப்பு ஒப்புதல் பெற்று வெளியானது 26 நாள் கழித்து. வழக்குத் தொடுக்கச் சட்டம் தந்த 30 நாளில் அப்போது மிஞ்சியது 4 நாள் மட்டுமே.

மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் 2013இல் நகரம் வென்றது. 2015 ஜனவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். காரணங்களை எழுத்தில் தர வேண்டியது நகரத்தின் கடமை. அவை மறுப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை. நடவடிக்கைக் குறிப்பிலும் இருக்கலாம். விரிவான சட்ட நடையும் தேவையில்லை. ஆனால் மறுப்பும் காரணமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். 26 நாள் இடைவெளி அதற்குள் அடங்காது. நகரம் தோற்றது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மாறுபட்டார்: இத்தகைய காலக்கெடு சட்டத்தின் எழுத்தில் இல்லை, விசாரணையில் கலந்துகொண்ட நிறுவனத்துக்குத் தாமதத்தால் இழப்பும் இல்லை என்பது அவர் கருத்து.

பொய் மரம் அழகா, வீடுகளுக்கு அருகே அது வரலாமா என்பதை உச்ச நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. அதன் முன் நின்ற கேள்வி ஒன்றே: மறுப்பவர் ஏன் மறுக்கிறோம் என்று உரிய காலத்தில் சொன்னாரா? தமிழ் கற்பிக்கும் நமக்கு இங்கே பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி நினைவுக்கு வருகிறாள். அவள் இரக்கத்தை வேண்டி அங்கே வரவில்லை. ஆராய்ந்தாயா என்பதே அவள் கேள்வி. அதிகாரம் காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்னும் எண்ணம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று.

ஆனால் அந்தக் கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதா? 1996 ஆகஸ்டில் ஆணையம் வகுத்த கதிர்வீச்சு வரம்புகளை நம்பித்தான் மேற்சொன்ன வேலி நிற்கிறது. அவ்வரம்புகள் இன்றும் பொருந்துமா என்று 2013இல் ஆணையமே ஒரு விசாரணையைத் தொடங்கி, மாற்றம் தேவையில்லை என்று 2019 டிசம்பரில் முடித்துக்கொண்டது. அதை எதிர்த்த வழக்கில், 2021 ஆகஸ்ட் 13 அன்று வாஷிங்டனிலுள்ள கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வரம்புகள் தீங்கானவை என்று அது சொல்லவில்லை. புற்றுநோய் குறித்து ஆணையம் தந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. புற்றுநோய் அல்லாத பிற பாதிப்புகள் குறித்து முன்வைக்கப்பட்ட சான்றுகளுக்கு ஆணையம் போதிய காரணம் சொல்லவில்லை என்று கூறி, விளக்கத்தைத் தருமாறு திருப்பி அனுப்பியது.

ராஸ்வெல் நகரம் 26 நாள் தாமதித்ததற்காகத் தோற்றது. அந்த நகரத்தின் வாயைக் கட்டிய வரம்பை வகுத்த ஆணையமோ, கால் நூற்றாண்டு கழித்து, அதை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்பதற்கு முறையான விளக்கம் தரவில்லை என்று தீர்ப்புப் பெற்றது. இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் அந்த விசாரணைக் கூடத்தில் காணாமற்போனது எது என்று நமக்குப் புலப்படுகிறது. அந்தத் தாய்க்குக் கோபுரம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும் என்பதை விட, அவள் கேள்விக்குச் சான்றோடு கூடிய விடை வேண்டும் என்பதே பெரிது. 'தீங்கில்லை, இன்ன அளவு, இன்ன ஆய்வு, இன்ன காரணம்' என்று யாரேனும் எதிரே நின்று பொறுமையாகச் சொல்லியிருந்தால், அவளும் அவசரத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியவள்தானே, ஒருவேளை இசைந்திருப்பாள்.

2014இல் ஆணையம் வகுத்த விதிகளில் ஒரு சுவையான நுட்பம் உண்டு. இருக்கும் கோபுரத்தில் சிறு மாற்றங்கள் செய்வதை உள்ளூர் அமைப்புகள் தடுக்க முடியாது. ஆனால் கோபுரத்தின் மறைப்பைக் குலைக்கும் மாற்றம் சிறு மாற்றமாகாது. அதாவது, வேடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த வேடத்தைத் தேவையாக்கிய கேள்விக்கும் அத்தகைய இடம் ஒன்று அமைந்திருக்குமானால், கோபுரங்கள் கோபுரங்களாகவே நிற்கலாம். மனிதர்களும் தாம் அஞ்சுவதை அதன் பெயராலேயே சொல்லலாம்.